முப்பத்திரண்டாவது

க்ளீவ்லாந்தில் ஏரி உறைந்து கிடந்த வாரம்.
விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில்
ஜன்னல் இல்லாத அறை, ஏழு பேர்,
ஆறிப்போன காபி, அறுபத்துநான்கு விண்ணப்பங்கள்.
மானியப் பணம் முப்பத்தோரு பேருக்குத்தான் வரும்.

யாரையும் எனக்குத் தெரியாது, யாரோடும் பேசமாட்டேன்
என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
அவர்களுக்கு என் பெயர்
மதிப்பீட்டாளர் மூன்று.

பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கும்:
'மனித குலம் எடுத்துவைக்கும் அடுத்த அடி...'
எத்தனை அடி என்று சொன்னால் தேவலை.

பத்தொன்பதாவது கோப்பு அப்படி இல்லை.
'நாங்கள் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்கள்.
தொழுவத்தில் எல்லாமே எதற்குள்ளாவது புகுந்துவிடும்.
புகாமல் தடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.'
விஸ்கான்சினில் ஒரு சிற்றூர்.
பாஞியா வாங், லைல் ஓஸ்ட்பி,
செவ்வாய்க்கிழமை மட்டும் வரும் ஒரு கணக்காளர்.
நிலவில் சுழலும் அச்சுக்கு
ஒரு தூசுத் தடுப்பு வளையம்.

அந்தத் தூசு லேசுப்பட்டதல்ல.
காற்று இல்லை, நீர் இல்லை,
உருட்டி மழுங்கடிக்க ஒருவருமில்லை.
ஒவ்வொரு துகளும்
உடைந்த அன்றைக்கு இருந்த அதே கூர்மையோடு
யுகக் கணக்காய்க் காத்துக்கிடக்கிறது.
பூமியில் ஒருவரைத் தூசு என்று தள்ளிவிடலாம்.
அங்கே அதுதான் முதலாளி.

செலவுப் பட்டியலை இரண்டு முறை படித்தேன்.
எரிமலைக் கல் பொடி, நான்கு மூட்டை.
வெற்றிடப் பம்பு, பழையது.
சல்லடையைச் சோதிக்கப் பூனை மணல், ஒன்பது டாலர்.
லைலின் சம்பளம், பூஜ்யம். அடிக்குறிப்பு:
'அவர் சம்மதித்துவிட்டார்.'

வளையத்தின் உதடு உள்நோக்கி வளைந்திருந்தது.
பண்ணையில் அது சரி, பால் வெளியேறக் கூடாது.
நிலவில் எதிரி வெளியே அல்லவா நிற்கிறான்.
கருத்துக் கட்டத்தில் எழுதினேன்:
'உதட்டை வெளிநோக்கித் திருப்பிப் பார்த்தார்களா?'
நூற்றுக்கு எண்பத்தொன்று.

மாலையில் தரவரிசை திரைக்கு வந்தது.
முப்பத்தொன்றுக்குக் கீழே சிவப்புக் கோடு.
கோட்டை உரசிக்கொண்டு, கீழே, அவர்கள்.
அரை மதிப்பெண்.
நான் நாலு கூட்டிப் போட்டிருந்தால் தாண்டியிருப்பார்கள்.
'ஆட்சேபம் உண்டா?' என்றார் தலைவர் க்ராப்ட்ரீ அம்மாள்.
என்னிடம் இருந்தது ஆட்சேபம் இல்லை.
அது என்னவோ, அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அடுத்த ஜனவரி. அதே ஹோட்டல், வேறு அறை.
ஏரி இந்த முறை உறையவில்லை, எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள்.
நாற்பத்திரண்டாவது கோப்பைத் திறக்கிறேன்:
'நாங்கள் பால் கறக்கும் இயந்திரங்களை...'

இரண்டாம் பத்தி.
'மதிப்பீட்டாளர் மூன்று கேட்ட கேள்விக்கு நன்றி.
கோபம்தான் முதலில் வந்தது.
பிறகு உதட்டைத் திருப்பினோம்.
எட்டு வளையங்கள் கிழிந்தன.
ஒன்பதாவது, நாலாயிரம் மணி நேரம் கடந்து,
இதை எழுதும்போதும் பக்கத்து அறையில் ஓடுகிறது.
சத்தம் காதில் விழுகிறது.'

சம்பளப் பட்டியலில் ஒரே பெயர்.
அடிக்குறிப்பு, பொடி எழுத்தில்:
'லைல் ஓஸ்ட்பி மே மாதம்
தீவனக் கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார்.
வடிவத்தில் பாதி அவருடையது.
பணம் வந்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.
எதையும் எழுதி வாங்கவில்லை.'

மதிப்பெண் போடும் முன் திரை கேட்கிறது,
எல்லோரையும் கேட்பது போலத்தான்:
விண்ணப்பதாரரை உங்களுக்குத் தெரியுமா?
ஆம். இல்லை.

முகம் தெரியாது. குரல் தெரியாது.
அந்த ஊருக்கு எந்தச் சாலையில் திரும்ப வேண்டும்
என்றுகூடத் தெரியாது.
பூனை மணலின் விலை தெரியும்.
யாருக்கு ஒரு வருஷச் சம்பளம் போடவில்லை, தெரியும்.
இப்போது, பக்கத்து அறையில் ஏதோ ஓடுகிறது,
குளிர்சாதனமாக இருக்கலாம்.

இல்லை என்று அழுத்தினேன்.
சட்டப்படி அது உண்மை.
பிறகு முதல் பக்கத்துக்குப் போய்,
சிவப்பு மையை எடுத்துக்கொண்டு,
ஒரு சலுகையும் காட்டாமல்
படிக்கத் தொடங்கினேன்.